மான்செஸ்டருக்குப் போனால் புகைபோக்கியைத் தேடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மூடிக் கிடக்கும் கோவைப் பஞ்சாலைகளைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பட்டப்பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகவிருப்பவர்கள் சிலர், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர், வரலாற்று மாணவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்த ஊருக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் மகள் மான்செஸ்டரில் மேற்படிப்புப் படிக்கிறாள். வரும் கோடையில் நானும் என் மனைவியும் போகிறோம். கோவைக்காரனாகிய எனக்கு அசல் மான்செஸ்டரைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அங்கே இப்போது எத்தனை பஞ்சாலைகள் ஓடுகின்றன? எவற்றைப் பார்க்க அனுமதி கிடைக்கும்? – பீளமேடு வாசகர்

பதில்: நகருக்குள் அந்தக் காலத்துப் பஞ்சாலை ஒன்றுகூட இன்று ஓடவில்லை. இதைக் கேட்டு நீங்கள் பயணத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் மற்றவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மான்செஸ்டர் தன் உச்சத்தில் இருந்தபோதே ஆலை நகரம் என்பதைவிடச் சந்தை நகரமாகத்தான் இருந்தது. 1853-ஆம் ஆண்டில் நகருக்குள் 108 பஞ்சாலைகள் இருந்தன; அதுவே உச்சக் கணக்கு. அதன் பிறகு நகரத்து மனையின் விலை ஏற ஏற, நூற்பு ஓல்டாம், போல்ட்டன், ராச்டேல் முதலிய சுற்றுவட்டார ஊர்களுக்கும், நெசவு பிளாக்பர்ன், பர்ன்லி பக்கமும் நகர்ந்துவிட்டன. விலை பேசுவது, துணியைப் பிரித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது, சிப்பம் கட்டிக் கப்பலுக்கு அனுப்புவது ஆகிய மூன்றையும் மான்செஸ்டர் தன்னிடமே வைத்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், கோவையை ஓல்டாமோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் 'தென்னிந்தியாவின் ஓல்டாம்' என்று எந்த ஊர்க்காரரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு போனால் அந்த ஊர் வேறு விதமாகத் தெரியும். புகைபோக்கியைத் தேடி அலையாமல், முதல் நாள் காசில்ஃபீல்டிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். ரோமானியர்கள் கி.பி. 79 வாக்கில் கோட்டை கட்டிய இடம் அதுதான். கோட்டையைவிட அங்கே நாம் பார்க்க வேண்டியது கால்வாய். வொர்ஸ்லி என்னுமிடத்தில் இருந்த தம் சுரங்கத்து நிலக்கரியைக் கொண்டுவருவதற்காக பிரிட்ஜ்வாட்டர் கோமகன் வெட்டுவித்த கால்வாய் 1761-இல் திறக்கப்பட்டதும், மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நீராவி எந்திரம் பஞ்சாலைக்குள் நுழைவதற்கு முன்பே அதற்கான தீனி இப்படி மலிவாகக் காத்திருந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லிவர்ப்பூல் ரோடு நிலையம் இருக்கிறது. 1830-இல் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது கட்டப்பட்ட இதுவே, இன்றும் நிற்கும் பயணிகள் ரயில் நிலையங்களில் உலகத்திலேயே பழமையானது. அறிவியல் தொழில் அருங்காட்சியகம் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. நிலையத்துக்கு எதிரே அதே ஆண்டில் கட்டிய சரக்குக் கிடங்கும் நிற்கிறது. அமெரிக்கப் பஞ்சுப் பொதிகள் லிவர்ப்பூலில் கப்பலை விட்டு இறங்கி, இங்கே வந்துதான் அடுக்கப்பட்டன.

பிறகு போர்ட்லண்ட் தெருவுக்கும் விட்வொர்த் தெருவுக்கும் வாருங்கள். இத்தாலிய அரண்மனைகள் போல நிற்கும் அந்தக் கட்டடங்களைப் பார்த்து அரசு மாளிகைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவை துணிக் கிடங்குகள். 1850-களில் கட்டிய வாட்ஸ் கிடங்கில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு பாணியில் முகப்பு வைத்திருக்கிறார்கள். வெளியூர் வியாபாரி உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே அவரை மலைக்கவைப்பதுதான் நோக்கம். இன்று அது ஒரு விடுதி. இந்தக் கட்டடங்களின் பின்பக்கச் சந்துகளுக்குள்ளும் ஒருமுறை போய் அண்ணாந்து பாருங்கள். முன்பக்கச் சிற்ப வேலைப்பாடு எதுவும் இல்லாமல், சுவர் முழுவதும் சன்னலாகவே இருக்கும். துணியில் இழை விட்டுப்போயிருக்கிறதா, சாயம் ஒரே சீராக ஏறியிருக்கிறதா என்பதை விளக்கு வெளிச்சத்தில் சொல்ல முடியாது. பகல் வெளிச்சம் வேண்டும். புகை மண்டிய ஊரில் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் இத்தனை கண்ணாடி. விட்வொர்த் தெருவில் 1906-இல் எழுந்த ஒரு பெரிய கிடங்கின் பெயர் 'இந்தியா ஹவுஸ்'. சரக்கு போகும் திசை கட்டடத்தின் பெயரிலேயே இருந்தது. இப்போது அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

ஆலைக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆன்கோட்ஸ் போங்கள். 1798-இல் தொடங்கிய மரே ஆலைகள் ராச்டேல் கால்வாயின் ஓரத்தில் இன்னும் நிற்கின்றன. ஆலைகளுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. கால்வாயிலிருந்து சுரங்கவழியாகப் படகு நேரே உள்ளே வந்து பஞ்சை இறக்கும். இன்று அதைச் சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், காப்பிக் கடைகள், விலை உயர்ந்த உணவகங்கள். செங்கல்லைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நூறு ஆண்டுக் கரியைக் கழுவிவிட்டால், அங்கே யார் மூச்சுத் திணறினார்கள் என்பதும் சேர்ந்தே கழுவப்பட்டுவிடுகிறது. ஆனால் இடிக்காமல் விட்டார்களே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஊரில் மில் நிலம் விற்பனைக்கு வந்தால் முதலில் விழுவது கட்டடம்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதியில் இருக்கிறேன். அந்தக் காலத்தில் உலகத்துத் துணிக்கு விலை வைத்த சந்தை மான்செஸ்டரில் இருந்ததாக என் தந்தையார் சொல்லுவார். அந்த இடம் இன்று இருக்கிறதா? – திருப்பூர் வாசகர்

பதில்: இருக்கிறது. அதற்குள் இப்போது நாடகம் நடக்கிறது.

'ராயல் எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஆலைக்காரர்கள், தரகர்கள், ஏற்றுமதியாளர்கள், சாயப்பட்டறைக்காரர்கள் என்று எல்லாரும் ஒரே கூடத்தில் வந்து நின்று வியாபாரம் பேசுவார்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 11,000 வரை போனது. முதல் உலகப்போருக்கு முந்திய 1913-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் ஏறக்குறைய 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. அவ்வளவுக்கும் பேச்சுவார்த்தை நடந்தது பெரும்பாலும் இந்தக் கூரையின் கீழேதான்.

1940-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் கட்டடம் சேதமடைந்தது. மீண்டும் கட்டியபோது கூடத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள். வியாபாரமும் சிறிதாகிக்கொண்டேதான் வந்தது. 1968-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு சந்தை மூடப்பட்டது. 1976-இல் அங்கே ஓர் அரங்கம் திறக்கப்பட்டது. பழைய தளத்தால் புதிய அரங்கத்தின் பாரத்தைத் தாங்க முடியாது என்று தெரிந்ததால், எஃகும் கண்ணாடியும் கொண்டு ஏழு பக்கங்கள் உள்ள ஒரு கூண்டைச் செய்து, கூடத்தின் மாபெரும் தூண்களிலிருந்து அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விண்கலம் ஒன்று பழைய அரண்மனைக்குள் தவறி இறங்கியது போலத் தோன்றும். மேடை நடுவில் இருக்கிறது. பார்வையாளர்கள் சுற்றிலும் உட்காருகிறார்கள்.

நாடகத்துக்குச் சீட்டு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கூடத்துக்குள் நின்று உயரே பாருங்கள். விலைப்பலகை அங்கேயே இருக்கிறது. கடைசி நாள் வியாபாரம் முடிந்தபோது எந்தப் பஞ்சு என்ன விலையில் நின்றதோ, அந்த எண்களை யாரும் கழற்றவில்லை. அமெரிக்கப் பஞ்சு, எகிப்துப் பஞ்சு என்று வரிசையாக எழுத்துகள், பக்கத்தில் எண்கள். கீழே இடைவேளையில் மக்கள் காப்பிக் கோப்பையோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் மேலே பார்ப்பதில்லை. தினமும் காலையில் நூல் விலை என்ன என்று கைப்பேசியைப் பார்க்கும் திருப்பூர்க்காரர் ஒருவர் அந்தப் பலகைக்கு எதிரே பத்து நிமிடம் நின்றால் என்ன தோன்றும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. நீங்கள் போய் வந்து எழுதுங்கள்.

கேள்வி: என் தாத்தா, அப்பா இருவருமே பாபநாசம் ஆலையில் வேலை பார்த்தவர்கள். பழைய எந்திரங்கள் ஓடுவதைக் காதால் கேட்க ஆசை. அருங்காட்சியகத்தில் வெறும் பொம்மையாக நிறுத்தி வைத்திருப்பார்களா, ஓட்டிக் காட்டுவார்களா? – விக்கிரமசிங்கபுரம் வாசகி

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டிய இடமும் உங்கள் தாத்தா வேலை பார்த்த இடமும் ஒரே காரணத்துக்காக அமைந்தவை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் ஓரத்தில் ஆலை வைத்தது தண்ணீரின் விசைக்காக. அதற்கு நூறு ஆண்டுக்கு முன்னே, 1784-இல், சாமுவேல் கிரெக் என்பவர் மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டையல் என்ற கிராமத்தில் போலின் ஆற்றோரம் 'குவாரி பேங்க்' ஆலையைத் தொடங்கியதும் அதற்காகவே. இன்றைய மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது அது. மரங்களுக்கு மேலே விமானம் தாழப் பறந்து இறங்கும்.

அங்கே எந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். தண்ணீர்ச் சக்கரம் சுழலும். நூற்பு எந்திரமும் விசைத்தறியும் ஓடும். கூடம் முழுக்கத் தறிகள் இருந்தாலும் ஒன்றிரண்டைத்தான் ஒரே நேரத்தில் இயக்குகிறார்கள். அந்த ஒன்றிரண்டுக்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஊடை என்னும் குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அடிபட்டுப் போகும் சத்தம் காதில் அன்று, நெஞ்சுக்கூட்டில் விழுகிறது; நிற்கும் பலகைத் தரை உள்ளங்காலில் அதிர்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் நாள் முழுவதும் நின்ற, மான்செஸ்டர் வட்டாரமான லங்காஷயரின் பெண்கள், வாயை அகலமாக அசைத்து, உதட்டசைவை வைத்தே ஊர்க்கதை முழுவதையும் பேசிக்கொள்வார்களாம். வேலை விட்டு வந்த பிறகும் வீட்டில் அப்படியே பேசியவர்கள் உண்டு. உங்கள் தாத்தா வீட்டிலும் சத்தமாகப் பேசுவாரா என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

நாடாவில் ஊடை நூலைக் கோக்கும் முறையையும் கவனியுங்கள். சிறு துளையில் வாயை வைத்து உறிஞ்சி நூலை இழுப்பார்கள். 'நாடாவுக்கு முத்தம்' என்றே அதற்குப் பெயர். ஒரே நாடாவைப் பலர் வாயில் வைத்ததால் நோயும் பரவியது, பஞ்சுத் தூசியும் உள்ளே போனது.

ஆலைக்குச் சற்றுத் தள்ளி 'அப்ரன்டிஸ் ஹவுஸ்' என்ற வெள்ளை வீடு ஒன்று இருக்கிறது. ஏழை விடுதிகளிலிருந்து கொண்டுவந்த சிறுவர் சிறுமியரைத் தங்கவைத்து, ஆலையில் வேலை வாங்கிய இடம். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்கு அடியில் புகுந்து பஞ்சுக் கழிவைக் கூட்டும் வேலைக்குச் சிறிய உடம்புதான் ஏற்றது என்பது அக்காலத்துக் கணக்கு. கிரெக் மற்ற முதலாளிகளைவிட நல்லவர் என்று சொல்வார்கள். மருத்துவரை அமர்த்தியிருந்தார், படிப்பும் கொடுத்தார். ஆயினும் அந்தப் படுக்கைகளின் நீளத்தைப் பார்த்துவிட்டு 'நல்லவர்' என்ற சொல்லை நாக்கு அவ்வளவு சுலபமாக உச்சரிக்காது. ஒரு நாள் முழுவதையும் இதற்கென ஒதுக்குங்கள். கட்டணம் உண்டு.

கேள்வி: கார்ல் மார்க்ஸ் உட்கார்ந்து படித்த மேசை ஒன்று மான்செஸ்டரில் இருப்பதாகப் படித்தேன். அது உண்மையா? சரசுவதி மகால் நூலகத்துக்குப் பக்கத்துத் தெருக்காரன் என்பதால் பழைய நூலகங்களின் மேல் எனக்குப் பற்று அதிகம். – தஞ்சாவூர் மாணவர்

பதில்: உண்மை. செத்தாம் நூலகம் என்பது அதன் பெயர். துணி வியாபாரத்தில் பொருள் சேர்த்த ஹம்ஃப்ரி செத்தாம் என்பவர் எழுதிவைத்த உயிலின்படி 1653-இல் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் உள்ள இலவசப் பொது நூலகங்களிலேயே மூத்தது. கட்டடம் அதைவிடப் பழையது. 1421-இல் கோயில் குருமார்களுக்காகக் கட்டியது. 1845-ஆம் ஆண்டுக் கோடையில் மார்க்ஸும் எங்கெல்ஸும் இங்கே, பிதுங்கி நிற்கும் ஒரு சன்னல் மாடத்தில், நாற்புறமும் உட்காரக்கூடிய மேசையின் முன்னால் இருந்து பொருளாதார நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்தார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து எங்கெல்ஸ் மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்த மூலையை ஆசையோடு நினைவுகூர்கிறார்: சன்னலில் வண்ணக் கண்ணாடி இருப்பதால் வெளியில் என்ன மழை பெய்தாலும் அங்கே எப்போதும் நல்ல வெயில் நாள்தானாம். மேசை அங்கேயே இருக்கிறது, உட்காரவும் விடுகிறார்கள். ஆனால் வழிகாட்டியோடு, நேரம் குறித்த சீட்டில்தான் உள்ளே போக முடியும். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கெல்ஸ் அந்த ஊருக்கு வந்தது புரட்சி செய்வதற்கு அன்று. தந்தையார் பங்குதாரராக இருந்த நூல் கம்பெனியில் தொழில் கற்றுக்கொள்ள 1842-இல் அனுப்பப்பட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை அவர். பகலில் கணக்குப் புத்தகம், மாலையில் தொழிலாளர் குடியிருப்புச் சந்துகள். அவருடைய சிலை ஒன்று 2017-இல் உக்ரேனின் ஒரு கிராமத்திலிருந்து லாரியில் வந்து சேர்ந்தது. அங்கே வேண்டாம் என்று இடுப்போடு இரண்டாக அறுத்துப் போட்டிருந்ததை ஒரு கலைஞர் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். 'ஹோம்' என்ற கலை மையத்தின் வாசலில் நிற்கிறது. காலில் யாரோ பூசிய உக்ரேன் கொடியின் நீலமும் மஞ்சளும் இன்னும் தெரிகின்றன. சுற்றிலும் பளபளப்பான அலுவலகங்கள். எங்கெல்ஸ் பார்த்திருந்தால் ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருப்பார்.

நூலகப் பித்துள்ள உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீன்ஸ்கேட் தெருவில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகம், துணி வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஜான் ரைலண்ட்ஸின் நினைவாக அவர் மனைவி என்ரிக்கேட்டா கட்டியது. 1900-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பொதுமக்களுக்குத் திறந்தது. மாதா கோயில் போன்ற உயர்ந்த வளைவுகளும் இளஞ்சிவப்புக் கல்லும் உடையது. படிப்பறையைத் தெரு இரைச்சல் எட்டாத உயரத்தில் மாடியில் வைத்தார்கள். வெளிக்காற்றில் கரிப்புகை அதிகம் என்பதால் காற்றை வடிகட்டி உள்ளே விட ஏற்பாடு செய்தார்கள். எரிவாயு விளக்கு புத்தகத்தைக் கெடுக்கும் என்பதால் அப்போதே மின்விளக்கு போட்டார்கள். ஆலைப் பணத்தால் வாங்கிய புத்தகத்தை ஆலைப் புகையிலிருந்து காப்பாற்ற இத்தனை பாடு! யோவான் எழுதிய நற்செய்தியின் மிகப் பழைய ஏட்டுத் துண்டு ஒன்று, உள்ளங்கையைவிடச் சிறியது, இங்கேதான் இருக்கிறது. கட்டணம் இல்லை.

கேள்வி: ஆலைத் தொழிற்சங்கத்தில் முப்பது ஆண்டு இருந்தவன். அந்த ஊர் தொழிலாளர்களை நினைவில் வைத்திருக்கிறதா, முதலாளிகளை மட்டுமா? – சிங்காநல்லூர் வாசகர்

பதில்: தாமதமாக நினைவுகூர்ந்திருக்கிறது. 1819 ஆகஸ்டு 16-ஆம் தேதி, வாக்குரிமை கேட்டு புனித பீட்டர் திடலில் 60,000 பேர் திரண்டார்கள். சுற்றுவட்டார நெசவாளர் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு நல்ல உடை உடுத்திக்கொண்டு, கொடியேந்தி நடந்து வந்திருந்தன. குதிரைப் படை வாளோடு கூட்டத்துக்குள் புகுந்தது. பதினெட்டுப் பேர் இறந்ததாகக் கணக்கு, காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில். நான்கு ஆண்டுக்கு முன் நடந்த வாட்டர்லூ போரைக் கிண்டலாகச் சேர்த்து 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாண்டு கழித்து 'மான்செஸ்டர் கார்டியன்' என்ற பத்திரிகை பிறந்ததற்கும் இந்த நிகழ்ச்சியே தூண்டுதல். ஆனால் முறையான நினைவுச்சின்னம் வைக்க இருநூறு ஆண்டு ஆயிற்று. 2019-இல் வட்ட வட்டமாகப் படிகள் அடுக்கி, இறந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் வந்த ஊர்களின் பெயர்களையும் பொறித்தார்கள். யார் வேண்டுமானாலும் ஏறி நின்று பேசலாம் என்பது கருத்து. சக்கர நாற்காலியில் வருபவர் மட்டும் ஏற முடியாது என்பது திறந்த பிறகு எழுந்த சண்டை. உரிமைக்காகக் கூடியவர்களின் நினைவிடத்தில் இப்படி ஒரு பிழை நேர்ந்தது வேதனைக்குரியது.

உங்களுக்கென்றே இருக்கும் இடம் மக்கள் வரலாற்று அருங்காட்சியகம். சங்கக் கொடிகளை அவ்வளவு பெரிய அளவில், அவ்வளவு கவனமாகப் பாதுகாக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கட்டடமே ஒரு காட்சிப் பொருள்: 1909-இல் அமைந்த நீர் அழுத்த நிலையம் அது. அழுத்தமேற்றிய தண்ணீரை நிலத்தடிக் குழாய் வழியாக நகரத்துக் கிடங்குகளுக்கு அனுப்புவார்கள்; கப்பலில் இடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகத் துணிச் சிப்பங்களை நசுக்கிக் கட்டும் அழுத்திகள் அந்தத் தண்ணீரால் இயங்கின. நகரமன்றத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததும் அதே தண்ணீர்தான். நகரமன்றம் 2018 முதல் பெரும் சீரமைப்பில் இருப்பதால், அதைப் பார்க்க எண்ணுபவர்கள் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

கேள்வி: நம் நெசவாளர்களின் கட்டைவிரல் கதை முதல் அந்நியத் துணி எரிப்பு வரை நாம் படித்த மான்செஸ்டர் வேறு. அந்த ஊரின் அருங்காட்சியகங்கள் இந்தியாவைப் பற்றி வாய் திறக்கின்றனவா? – ஆரணி வாசகர்

பதில்: முன்பு முணுமுணுத்தன, இப்போது கொஞ்சம் பேசுகின்றன. கட்டைவிரலை வெட்டிய கதைக்கு உறுதியான சான்று இல்லை. அதை விட்டுவிட்டாலும் வழக்கு பலவீனப்படாது. இந்தியாவிலிருந்து வந்த அச்சுத் துணிகளை இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்ததும், அந்தத் தடுப்புக்குள் அவர்களுடைய பருத்தித் தொழில் வளர்ந்ததும் ஏட்டில் உள்ள உண்மைகள். அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பஞ்சு இல்லாமல் மான்செஸ்டர் இல்லை என்பதையும் அறிவியல் தொழில் அருங்காட்சியகம் இப்போது நேரிடையாகவே சொல்கிறது.

2023-இல் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் தெற்காசியாவுக்கென ஒரு நிரந்தரக் கூடம் திறந்தார்கள். அங்கேயே குடியேறி வாழும் தெற்காசியர்கள் கூடி உட்கார்ந்து எதை வைப்பது, என்ன எழுதுவது என்று முடிவு செய்தது அதன் சிறப்பு. ஆயினும் உங்களை ஆரணிக்காரர் என்ற முறையில் ரயிலேறி வடக்கே பிரெஸ்டன் வரை போகச் சொல்லுவேன். 1866-இல், லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த இந்திய அலுவலகம் நம் நாட்டுத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, 700 மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளில் ஒட்டி, இருபது படிகள் தயாரித்தது. அவற்றுள் பதின்மூன்று பிரிட்டனின் தொழில் ஊர்களுக்குப் போயின. இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள், கரை எவ்வளவு அகலம், எத்தனை முழம் என்பதைப் பார்த்து அதே போல் நெய்து நமக்கே விற்கட்டும் என்பதுதான் நோக்கம். முன்னுரையில் ஒளிவுமறைவே இல்லை. பிரெஸ்டனின் ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு படி இருக்கிறது. சென்னை மாகாணத்து நெசவாளியின் கைவேலை, கைக்குட்டை அளவில், சாயம் மங்காமல் அந்தப் பக்கங்களில் ஒட்டியிருக்கிறது. எல்லாத் தொகுதிகளையும் எப்போதும் காட்சிக்கு வைப்பதில்லை என்பதால் முன்பே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: காந்தியடிகள் லங்காஷயருக்குப் போனபோது ஆலைத் தொழிலாளர்கள் அவரை வரவேற்றார்களா, விரட்டினார்களா? – திண்டுக்கல் வாசகி

பதில்: வரவேற்றார்கள். 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்திருந்தபோது, நம் அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்தவர்களை நேரில் பார்ப்பதற்காகவே டார்வென் என்ற ஆலை ஊருக்குப் போனார். உங்கள் வறுமையைக் கண்டு வருந்துகிறேன், ஆனால் இந்தியாவின் வறுமை இதைவிடக் கொடியது என்பதே அவர் சொன்னதன் சாரம். தொழிலாளிப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று கைகளை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படம் புகழ்பெற்றது. மான்செஸ்டர் பேராலயத்தின் வெளியே 2019-இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

கேள்வி: ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தைப் பார்க்காமல் வந்தால் பயணம் வீண் என்கிறான் என் மகன். – மயிலாப்பூர் வாசகர்

பதில்: எந்த ஓல்ட் டிராஃபோர்டு என்று முதலில் கேளுங்கள். கால்பந்துக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று. இரண்டும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1990-இல் பதினேழு வயது சச்சின் தம் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தது இரண்டாவதில். 1952-இல் இந்திய அணி ஒரே நாளில் இருமுறை ஆட்டமிழந்ததும் அங்கேதான். அதை மகனிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: எப்போதும் மழை என்கிறார்களே, எந்த மாதம் போகலாம்? சைவ உணவு கிடைக்குமா? – கும்பகோணம் வாசகி

பதில்: மே முதல் செப்டம்பர் வரை வெளிச்சம் நெடுநேரம் இருக்கும், போகலாம். ஆண்டு மழை அளவைப் பார்த்தால் சென்னையில்தான் அதிகம். நம் வானம் நான்கு நாளில் கொட்டித் தீர்ப்பதை அவர்களுடைய வானம் ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அந்த ஈரக்காற்றில் நூல் எளிதில் அறுந்துபோகாது என்பதும் பஞ்சாலைகள் அந்தப் பக்கம் செழித்ததற்கு ஒரு காரணம். அதே ஈரத்துக்காகத்தான் கோவை ஆலைகளில் எந்திரம் வைத்து நீராவியைத் தெளித்தார்கள். குடையைவிடத் தலைமூடியுடன் கூடிய மழைச்சட்டை உதவும்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். வில்ம்ஸ்லோ சாலையில் 'கறி மைல்' என்று ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலும் கபாப் கடைகள், நடுநடுவே நமக்கும் கிடைக்கும். ஆற்றுக்கு மறுகரையில் இருக்கும் சால்ஃபோர்டில் 1809-லேயே ஒரு பாதிரியார் தம் சபையில் சேருபவர்கள் இறைச்சி உண்ணக் கூடாது என்று விதி செய்தார். பிரிட்டனில் சைவ இயக்கம் முளைவிட்ட இடங்களுள் அது முக்கியமானது. அந்தப் பாதிரியாரின் குடும்பப் பெயருக்கு 'மாடு மேய்ப்பவர்' என்று பொருள்.